துவர்ப்பில் பதமாகும் தோல்

உரித்த ஆட்டுத்தோலை ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டால், நம் ஊர் வெயிலில் மறுநாளே மயிர் கையோடு வரும். அதற்கடுத்த நாள் கிட்டப் போக முடியாது. அதே தோலை நாலாபுறமும் இழுத்துக் கட்டி வெயிலில் காயவைத்தால் நாறாது. ஆனால் விறைத்துப் போகும், மடித்தால் வெடிக்கும், ஒரு மழையில் நனைந்தால் மறுபடி பச்சைத்தோலாகி அழுகத் தொடங்கும். அழுகவும் கூடாது, விறைக்கவும் கூடாது. நனைந்து காய்ந்த பிறகும் மெத்தென்று மடங்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த நிலையைத்தான் பதம் என்கிறோம்.

இதற்குப் பெரிய ஆலை தேவையில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கல்லுப்பு, சுண்ணாம்பு, தவிடு, மஞ்சள்தூள், கடுக்காய், ஆவாரம்பட்டை, படிகாரம், முட்டை, எண்ணெய் ஆகியவை கையில் இருந்தால் ஓர் ஆட்டுத்தோலை வீட்டுக் கொல்லையிலேயே பதனிடலாம். இவை ஒவ்வொன்றும் தோலுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தால், பல்கலைக்கழகப் பாடமாகச் சொல்லித்தரும் வேதியியல் முழுவதும் அதில் இருக்கிறது. எழுதப்படிக்க விடப்படாத மக்கள் அந்த வேதியியலைப் பல தலைமுறைகளாகக் கையாலேயே கற்றுக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அவர்களை அறிவாளிகள் என்று நாம் ஒருநாளும் அழைத்ததில்லை.

முதலில் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பச்சைத்தோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். வெளியே மயிர் முளைத்திருக்கும் மெல்லிய மேல்தோல். அடியில் கொழுப்பும் சவ்வும் ஒட்டிய ஊன்பக்கம். இவை இரண்டும் நமக்கு வேண்டாதவை. நடுவில் இருக்கும் தடித்த உள்தோல்தான் பதனிட்ட தோலாக மாறுகிறது. அது கொலாஜன் என்ற புரத இழைகள் முப்பரிமாணத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்கும் ஒரு படுகை. நெசவுத் துணியில் நூல் ஒன்றை உருவினால் பிரிந்து வரும். இங்கே இழைகள் எல்லாத் திசையிலும் போய்வருவதால் எங்கே வெட்டினாலும் விளிம்பு பிரியாது. தோலின் உறுதிக்கு முதற்காரணம் இதுதான்.

கொலாஜனின் மூலக்கூறு எப்படி இருக்கும் என்று கண்டறிந்தது சென்னையில் என்பது தமிழ் வாசகர்கள் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ் கதிர் பாய்ச்சி ஆராய்ந்தார்கள். 1954-இல் அவர்களது முதல் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது, அடுத்த ஆண்டு அதைத் திருத்திச் செப்பமாக்கினார்கள். மூன்று புரதச் சங்கிலிகள் முப்புரிக் கயிறாகத் திரிந்து கிடப்பதே கொலாஜன் என்பது அவர்கள் கண்டது. ஒவ்வொரு சங்கிலியிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் உண்டு. மூன்றுக்கு ஒன்று கிளைசின். மூன்று புரியும் நெருங்கி வரும் நடு இடத்தில் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசினைத் தவிர வேறெதுவும் நுழையாது. இப்படித் திரிந்த ஒரு மூலக்கூறின் நீளம் ஏறக்குறைய 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோலை ஆராய்ந்த இடமும் தோலின் மூலக்கூறைக் கண்ட இடமும் ஒரே சாலையில் இருந்தன.

உயிருள்ள தோலில் இந்த இழைகளுக்கு இடையே தண்ணீர் நிற்கிறது. அதனால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன, தோல் வளைகிறது. காயவைக்கும்போது தண்ணீர் வெளியேறுகிறது, இழைகள் நெருங்குகின்றன, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்த தோல் விறைப்பது அதனால்தான். சில வேலைகளுக்கு இந்த விறைப்பே தேவை. பறைக்கும் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பதனிட்ட தோல் உதவாது, பச்சைத்தோலை இழுத்துக் காயவைத்துத்தான் போர்த்த வேண்டும். இழைகள் ஒட்டி இறுகி நின்றால்தான் நாதம் எழும். அடிக்கும் முன் பறையைத் தீயில் காட்டுவது, காற்றிலிருந்து தோல் உறிஞ்சிய ஈரத்தை ஓட்டி இழைகளை மறுபடி இறுக்குவதற்காக. செருப்புக்கும் பைக்கும் இது ஆகாது.

பதனிடுதல் என்பது அந்தத் தண்ணீர் இருந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுபோய் நிரந்தரமாகக் குடிவைப்பது. அது இழைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழைகள் தமக்குள் ஒட்டிக்கொள்ளும் இடங்களை அடைக்க வேண்டும். நுண்ணுயிரிகளின் நொதிகள் வந்து கடிக்கும் இடங்களையும் மறைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்குத்தான் உலகெங்கும் மனிதர்கள் பட்டையையும் படிகாரத்தையும் புகையையும் மூளையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன்பு தோலைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு உப்பு. விலங்கின் உயிர் பிரிந்த மணி முதலே நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மூன்று நான்கு மணி நேரத்துக்குள் ஊன்பக்கம் முழுவதும் கல்லுப்பை அள்ளித் தேய்க்க வேண்டும். தோலின் எடையில் பாதிக்குக் குறையாமல் உப்பு வேண்டும், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. உப்பு தோலின் தண்ணீரை வெளியே இழுக்கிறது, மிச்சமிருக்கும் தண்ணீரையும் நுண்ணுயிரிகளுக்குப் பயன்படாமல் கட்டிப்போடுகிறது. தோலைச் சாய்வாக வைத்தால் வடியும் நீரைக் கண்ணால் பார்க்கலாம். உப்பிலேயே வாழும் சில நுண்ணுயிரிகளும் உண்டு. நாட்பட்ட உப்புத்தோலில் சிவப்புத் திட்டு கண்டால் அவை வந்துவிட்டன என்று பொருள். எனவே உப்பிட்ட தோலைக் குளிர்ந்த, நிழலான இடத்தில் வைத்து, சில வாரங்களுக்குள் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

பிறகு ஒட்டியிருக்கும் உப்பை உதறித் தனியே சேர்த்துவிட்டு, தோலை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பழைய மென்மைக்குக் கொண்டுவர வேண்டும். வழவழப்பான மரத்துண்டின்மேல் போட்டு, மழுங்கிய கத்தியால் சவ்வையும் கொழுப்பையும் வழித்தெடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இங்கே விட்ட கொழுப்பு பின்னால் பட்டைச்சாற்றை உள்ளே விடாது. முதல்முறை செய்பவர்களின் தோல் திட்டுத்திட்டாக வருவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

மயிரோடு வைத்துக்கொள்ள விரும்பினால் சுண்ணாம்பைத் தொட வேண்டாம். நேராகப் படிகாரத்துக்குப் போய்விடலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். மயிரை நீக்க வேண்டுமானால் சுண்ணாம்பு நீர் தேவை. தோலின் எடையில் பத்தில் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பை, தோல் தாராளமாக மூழ்கும் தண்ணீரில் கரைத்து, ஆட்டுத்தோல் என்றால் நான்கைந்து நாள் முதல் ஒரு வாரம் வரை, தினமும் புரட்டிவிட வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை, பிஹெச் அளவில் 12-ஐத் தாண்டும். மயிரின் வேரைச் சுற்றியுள்ள இளம் கெரட்டின் புரதம் இந்தக் காரத்தில் கரைகிறது. கொலாஜன் கரையாமல் நீரை இழுத்து உப்புகிறது. உப்பும்போது இழைக்கட்டுகள் ஒன்றைவிட்டொன்று விலகி, அவற்றுக்கிடையே பசையாக இருந்த பிற புரதங்களும் சர்க்கரைச் சேர்மங்களும் வெளியேறுகின்றன. மயிர் போவதைவிட இந்த விலகல்தான் பெரிய பயன். இது நடக்காவிட்டால் பின்னால் வரும் எதற்கும் உள்ளே நுழைய வழி கிடைக்காது. சாம்பல் நீரும் இதே வேலையைச் செய்யும், சுண்ணாம்பு கிடைக்காத ஊர்களில் அதைத்தான் கரைத்தார்கள்.

சுண்ணாம்பு ஏறிய தோலை அப்படியே பட்டைச்சாற்றில் போட்டால் கறுத்துக் கெட்டுவிடும். முதலில் சுண்ணாம்பை இறக்க வேண்டும். பலமுறை அலசியபின், இரண்டு நாள் புளிக்கவைத்த தவிட்டுக் கஞ்சியில் ஊறப்போடுவது பழைய முறை. தவிட்டில் வளரும் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. அவை சுண்ணாம்பைக் கரையும் உப்பாக மாற்றி வெளியே எடுக்கின்றன. அவசரம் என்றால் நீர்த்த வினிகரும் போதும். சுண்ணாம்பு முழுக்கப் போய்விட்டதா என்று அறிய, தோலின் தடித்த ஓரத்தில் ஒரு கீறல் வெட்டி, வெட்டுவாயில் மஞ்சள்தூள் கரைத்த நீரைத் தடவிப் பாருங்கள். உள்ளே காரம் மிச்சமிருந்தால் அந்த இடம் குங்குமச் சிவப்பாகும், போய்விட்டால் மஞ்சளாகவே நிற்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினைதான். ஆலைகளில் இதற்குப் பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியை வைத்திருக்கிறார்கள். ஓர் ஆட்டுத்தோலுக்கு மஞ்சள் தாராளமாகப் போதும்.

இந்தக் கட்டத்தில் ஐரோப்பாவின் பழைய பதனிடும் கூடங்களில் ஒரு விநோதம் நடந்தது. மெல்லிய தோல் பட்டாக வர வேண்டும் என்று நாயின் கழிவையும் புறாவின் எச்சத்தையும் வெந்நீரில் கரைத்து அதில் தோலை ஊறவைத்தார்கள். பலன் இருந்தது, காரணம் தெரியவில்லை. ஜோசப் டர்னி வுட் என்ற ஆங்கிலேயத் தோல் வேதியியலாளர், அதில் வேலை செய்பவை நுண்ணுயிரிகளும் நொதிகளும்தான் என்று பல ஆண்டு ஆராய்ந்து காட்டினார். அதே காலத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைக் கொண்டு கழிவே இல்லாமல் அந்த வேலையை முடிக்கும் பொருளைத் தயாரித்து, 1907-இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். நொதிகளைத் தொழிற்சாலைப் பண்டமாக விற்ற தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று. இன்று சலவைத்தூளில் கலக்கும் நொதிகளின் வரலாற்றைத் தேடிப்போனால் இந்தத் தோல் தொட்டியில்தான் போய் நிற்போம். வீட்டில் செய்யும்போது தவிட்டுப் புளிப்பே இதையும் ஓரளவு கவனித்துக்கொள்கிறது.

இனி முக்கியமான கட்டம், துவர்ப்பு. இளம் கடுக்காய்ப் பிஞ்சையோ வாழைப்பூவையோ மென்றால் நாக்கு வறண்டு இழுத்துக்கொள்கிறதே, அப்போது வாய்க்குள் சிறிய அளவில் ஒரு பதனிடுதல் நடக்கிறது. துவர்ப்பைத் தருபவை டானின்கள். அவை ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்த பெரிய பாலிபினால் மூலக்கூறுகள். அந்தத் தொகுதிகள் ஒவ்வொன்றும் புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடத் துடிப்பவை. எச்சிலை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்களோடு அவை சேர்ந்து வீழ்படிவாகின்றன. வழவழப்பு போகிறது, நாக்கு சொரசொரக்கிறது. தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு குறைவதற்குக் காரணம், டானின் நாக்கைத் தேடி வருமுன்பே பாலின் கேசீன் புரதம் அதைப் பிடித்துக்கொள்வது. மரங்கள் டானினைச் செய்வதும் இதற்காகவே. பட்டையைக் கடிக்கும் பூச்சிக்கும் துளைக்கும் பூஞ்சைக்கும் அவற்றின் புரதங்களைச் செயலிழக்கச் செய்யும் ஆயுதம் அது.

இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே காட்டலாம். கடையில் விற்கும் ஜெலட்டினை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் பால் சேர்க்காத கடுந்தேநீரையோ கடுக்காய்க் கஷாயத்தையோ சொட்டுச் சொட்டாக விடுங்கள். தெளிவாக இருந்த நீர் உடனே கலங்கித் திரியும். ஜெலட்டின் என்பது வேகவைத்துப் பிரித்த கொலாஜன், டானின் அதைப் பிடித்துக் கீழே இறக்குகிறது. ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசிச் சாற்றை வைத்துச் செய்தால் இப்படித் திரியாது, ஏனென்றால் கடற்பாசி புரதம் அல்ல, சர்க்கரைச் சங்கிலி. லண்டனில் ஹம்ப்ரி டேவி 1803-இல் வெளியிட்ட ஆய்வில், எந்தப் பட்டையில் எவ்வளவு டானின் என்று அளக்க இந்த ஜெலட்டின் வீழ்படிவையே பயன்படுத்தினார். பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன காசுக்கட்டி, நாம் வெற்றிலையோடு மெல்லும் அதே பொருள், ஆங்கிலேயர் நம்பியிருந்த ஓக் பட்டையைவிடப் பல மடங்கு வலிமையானது என்று அவர் கண்டார்.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் ஆவாரை இருந்தது. புறம்போக்கிலும் கரம்பிலும் மஞ்சள் பூத்துக் கிடக்கும் அந்தச் செடியின் பட்டை டானின் செறிந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன 'ஈஸ்ட் இந்தியா' தோல்களின் அடிப்படை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். திண்டுக்கல், திருச்சிப் பகுதிகளின் அந்தத் தோல் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. இரண்டையும் ஏன் சேர்த்தார்கள் என்பதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆவாரம்பட்டையின் டானின் தோலுக்குக் கட்டுமானம் தரும். ஆனால் வெயில் பட்டால் நாளடைவில் சிவந்து கறுக்கும் வகை அது. கடுக்காயின் டானின் வேறு வகை, வெளிர்மஞ்சள், இலேசான அமிலம் உடையது. ஆவாரையில் பதனிட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுத்தால் நிறம் வெளுத்து நிலைத்து நிற்கும். டானின்கள் இரண்டு குடும்பம் என்று வேதியியல் வகுப்பதற்கு முன்பே இந்த வேறுபாட்டைக் கையும் கண்ணும் கண்டுபிடித்திருந்தன.

பின்னாளில் ஆவாரைக்குப் பதில் வாட்டில் மரப்பட்டை வந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்த மரத்தை டானினுக்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். இன்று கொடைக்கானலைச் சுற்றிலும் அது தானாகவே பரவி, சோலைக்காடுகளுக்கு இடையிலிருந்த புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. பட்டையில் பதனிட்டது என்பதாலேயே ஒரு தோல் இயற்கைக்கு உகந்ததாகிவிடாது என்று நான் சொல்வது இதை நேரில் பார்க்கும் எவருக்கும் விளங்கும்.

வீட்டில் செய்யும் விதம் இது. காய்ந்த ஆவாரம்பட்டையையோ கருவேலம்பட்டையையோ இடித்து வெந்நீரில் ஊறவைத்துச் சாறு இறக்கி ஆறவிட வேண்டும். தோலைப் போடும்போது சாறு சூடாக இருக்கக் கூடாது. முதல் சில நாள் தண்ணீர் கலந்த மெல்லிய சாறு, பிறகு படிப்படியாகக் கெட்டிச் சாறு என்று போக வேண்டும். எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பின் இழைகள் டானினை வாரிப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்துவிடும், நடுப்பகுதி பச்சையாகவே தங்கி, பின்னால் உள்ளிருந்து அழுகும். இதனால்தான் பெரிய கூடங்களில் வரிசையாகக் குழிகள் வைத்து, புதுத்தோலைப் பழைய சாற்றிலும், பாதி பதமானதைப் புதுச் சாற்றிலுமாக நகர்த்திக்கொண்டே போனார்கள். சாறும் வீணாகாது, தோலும் கெடாது. ஆட்டுத்தோலுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஓரத்தில் வெட்டிப் பார்க்கையில் நடுவில் வெள்ளைக்கோடு தெரியாமல் ஒரே நிறம் ஓடினால் முடிந்தது. இரும்புப் பாத்திரம் மட்டும் ஆகாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீல மை உண்டாகும், பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் கலந்து எழுதுமை செய்தது அப்படித்தான். பிளாஸ்டிக் வாளியோ மண்தொட்டியோ போதும்.

மயிரோடு கூடிய விரிப்புக்குப் படிகாரம் ஏற்றது. அமெரிக்க வேளாண் துறை 1920-களில் விவசாயிகளுக்காக வெளியிட்ட கையேட்டிலும் ஒரு செய்முறை இருந்தது. ஏறக்குறைய 450 கிராம் படிகாரத்தை 4 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். தனியே 2 லிட்டர் நீரில் 225 கிராம் உப்பும் 110 கிராம் சலவைச் சோடாவும் கரைத்து, அதைப் படிகார நீரில் மெல்ல மெல்லக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். பிறகு மாவு சேர்த்துக் களியாக்கி ஊன்பக்கத்தில் பூச வேண்டும். இதில் ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு. படிகாரத்தின் அலுமினியம் கொலாஜனின் அமிலத் தொகுதிகளைப் பிடிக்கிறது. படிகார நீர் தானே அமிலம், உப்பு இல்லாவிட்டால் அந்த அமிலத்தில் தோல் உப்பிச் சிதையும். சோடா அமிலத்தைக் குறைத்து, அலுமினிய அயனிகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிதாகவும் கொலாஜனை இறுகப் பிடிக்கவும் உதவுகிறது. சோடாவை ஒரேயடியாகக் கொட்டினால் அலுமினியம் வெள்ளைக் கூழாகத் திரிந்து பயனற்றுப்போகும், அதனால்தான் மெல்ல ஊற்றச் சொல்கிறார்கள். பிரான்சின் கையுறைத் தயாரிப்பாளர்கள் இதே படிகார உப்புக் கலவையில் முட்டையின் மஞ்சள் கருவையும் சேர்த்தார்கள். மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் எண்ணெயையும் நீரையும் கலந்தே வைத்திருக்கும், அதனால் கொழுப்பு தோலின் உள்வரை போகும். படிகாரத் தோல் வெள்ளைவெளேரென்று மிக மென்மையாக வரும். ஆனால் பிடிப்பு பலவீனம். மழையில் நன்றாக ஊறினால் அலுமினியம் கழன்றுவிடும், தோல் பச்சை நிலைக்குத் திரும்பும். அழகுக்கு வைக்கும் விரிப்புக்கு அது போதும், செருப்புக்கு உதவாது.

எந்த வழியில் பதனிட்டாலும் கடைசி வேலை எண்ணெயும் இழுப்பும். ஈரம் இன்னும் இருக்கும்போதே புங்கெண்ணெயோ விளக்கெண்ணெயோ, மஞ்சள் கருவோடு அடித்துத் தேய்க்க வேண்டும். நம் பழைய பதனிடும் கூடங்களில் புங்கெண்ணெய்க்குத் தனி இடம் இருந்தது. நீர் வெளியேறும் பாதையில் எண்ணெய் உள்ளே போய் ஒவ்வோர் இழையையும் பூசி நிற்கிறது, மறுபடி ஒட்டவிடாது. கூடவே, காயக் காயத் தோலைக் கம்பத்தின் விளிம்பிலோ இறுகக் கட்டிய கயிற்றிலோ போட்டு எல்லாத் திசையிலும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு இழுத்தாலும் தகும். மென்மை கைவலியால் வருவது. வட அமெரிக்கப் பழங்குடியினர் மானின் மூளையையே கரைத்து மான்தோலில் தேய்த்து, இப்படி இழுத்துக் காயவைத்து, பின்பு புகையில் கட்டித் தொங்கவிட்டார்கள். மூளையில் இருப்பதும் கொழுப்பும் லெசித்தினும்தான். புகையில் இருக்கும் ஆல்டிஹைடுகள் கொலாஜன் சங்கிலிகளுக்கிடையே நிரந்தரப் பாலம் போடுகின்றன. அதனால் அந்தத் தோல் நனைந்து காய்ந்தாலும் மென்மையாகவே இருந்தது.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பச்சைத்தோலில் ஒரு சிறு கீற்று, பதனிட்டதில் ஒரு சிறு கீற்று. இரண்டையும் தண்ணீரில் போட்டு வெப்பமானியோடு மெல்லச் சூடாக்குங்கள். பச்சைத்தோல் 60 முதல் 65 டிகிரி செல்சியசில் திடீரென்று சுருண்டு பாதிக்கும் கீழாகக் குறுகும். முப்புரி அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாக மாறத் தொடங்கும் புள்ளி அது. பட்டையில் பதனிட்டது 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும். புதிதாக உள்ளே வந்தவை புரியைப் பிடித்துவைத்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தோல் வேதியியலாளர்கள் இன்றும் பதத்தை அளப்பது இந்தச் சுருங்கு வெப்பநிலையை வைத்துத்தான்.

குரோமியத்தில் பதனிட்ட தோல் கொதிநீரையே தாங்கும். 1884-இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற அந்த முறை, வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளாகக் குறைத்தது. இன்று உலகத் தோலில் பெரும்பகுதி அப்படித்தான் பதமாகிறது. வீட்டில் அதைத் தொடவே கூடாது. ஆலைகளில் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது, ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது. ராணிப்பேட்டையில் குரோமேட் உப்பு தயாரித்த ஓர் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்தது இந்த இரண்டாம் வகையால். பாலாற்றங்கரையில் ஆலைக் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வைச் சுட்டிக்காட்டித்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே நிலத்தைக் கெடுத்ததில் குரோமியத்தைப் போலவே நம் எளிய உப்புக்கும் பெரிய பங்கு இருந்தது என்பதைக் கொல்லையில் பதனிடுபவரும் நினைவில் வைக்க வேண்டும். உதறிய உப்பை மறுபடி பயன்படுத்தலாம். உப்பு நீரைக் கிணற்றோரமும் மரத்தடியிலும் கொட்டக் கூடாது.

இந்த அறிவைச் சுமந்த கைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்று தோலைப் புரட்டியவர்களின் கால்கள் வெந்து புண்ணாயின. டி. செல்வராஜ் எழுதி 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'தோல்' நாவல், திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் உழைத்த அந்தத் தலித் மக்களின் வாழ்வையும் அவர்கள் சங்கம் கட்டிப் போராடியதையும் சொல்கிறது. சாறு எப்போது மெல்லியது, எப்போது கெட்டி, தவிடு எப்போது புளித்தது, தோல் எப்போது திறந்தது என்று விரல்நுனியால் அறிந்தவர்கள் அவர்கள். நம் சமூகம் அந்த அறிவின் பயனைக் காலில் மாட்டிக்கொண்டு, அறிந்தவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியது. நாற்றத்தைச் சாக்காகச் சொன்னார்கள். நொதியும் காரமும் அமிலமும் வேலை செய்யும் எந்த ஆய்வுக்கூடத்திலும் நாற்றம் உண்டு, அங்கே நிற்பவரை யாரும் ஒதுக்குவதில்லை.

செய்து பார்க்க விரும்புவோர் சிலவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். நல்ல உடல்நிலையில் இருந்து அறுக்கப்பட்ட ஆட்டின் தோலை மட்டும் வாங்குங்கள். தானாகச் செத்த கால்நடையின் தோலைத் தொடாதீர்கள், அடைப்பான் நோயின் வித்துகள் தோலிலும் மயிரிலும் பல ஆண்டு உயிரோடு இருக்கும். காட்டுவிலங்கின் தோலை வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுண்ணாம்பைக் கையாளும்போது ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். முழுத்தோலில் இறங்கத் தயக்கமாக இருந்தால், உள்ளங்கையளவு துண்டில் தொடங்குங்கள். ஏரிக் கெண்டையின் தோலைச் செதிலும் சதையும் போகச் சுரண்டி, தினமும் புதிதாகக் கடுந்தேநீர் மாற்றி ஊறவைத்தாலே பதனிடுதல் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

பக்ரீத்துக்கோ கிடாவெட்டுக்கோ ஆடு வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலை போகவில்லை என்று பல ஊர்களில் ஆட்டுத்தோலைக் குப்பையில் வீசுகிறார்கள். கத்திக் கீறல் விழாமல் உரித்துத் தரும்படி உரிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று கிலோ கல்லுப்பை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.